சிவப்பு அங்கியும் வெள்ளை முக்காடும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த படிப்பகக் கூட்டமொன்றில் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)

தோழர்களே! தாய்மார்களே!

கூட்ட நோட்டீசிலே ‘ஒரு நாவலைப் பற்றி’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். கூலி உயர்வு பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கதை பேசவா கூட்டம் என்று கேட்டிருப்பீர்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது, ஒரு தாயிடமிருந்து அவள் பெற்ற குழந்தையைப் பறிப்பதற்கு ஒரு சர்க்கார் எந்தெந்தப் படிகளில் ஏற வேண்டியிருக்கிறது என்று காட்டுகிற கதை. அந்தப் படிகளை ஒன்றொன்றாகப் பார்த்தால் நமக்குப் பழக்கமானவையாகத் தோன்றும். ஜனங்களைத் தரம் பிரிப்பது, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சட்டை மாட்டுவது, ஒரு தரத்தாரை இன்னொரு தரத்தார்மீது ஏவிவிடுவது – இவைதான் அந்தப் படிகள். கேட்டுவிட்டு, இது நம் விஷயமா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் மெட்ரிக் வரை படித்தவன். ஆங்கில நாவல் என்றால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். ஆகவே பண்டிதர் பேசுகிற முறையில் பேச எனக்குத் தெரியாது. கதையைச் சொல்கிறேன், கதைக்குப் பின்னால் இருக்கிற சரித்திரத்தைச் சொல்கிறேன்.

கதை பிறந்த இடம்

இந்த நாவலை எழுதியவர் மார்கரெட் அட்வுட் என்ற கனடா நாட்டுப் பெண்மணி. 1984ஆம் ஆண்டு, நகரை இரண்டாக வெட்டிய சுவர் நின்றுகொண்டிருந்த பெர்லினிலே, அதன் மேற்குப் பகுதியில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கினார். 1985இல் நூல் வெளிவந்தது. ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்று பெயர். ‘சேடியின் கதை’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

எழுத உட்காரும்போதே அவர் தமக்கு ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். மனித சரித்திரத்திலே எங்கேயாவது, எப்போதாவது நடந்திராத எந்தக் கொடுமையையும் கதையிலே சேர்ப்பதில்லை என்பதே அந்த நிபந்தனை. பத்திரிகைச் செய்திகளை வெட்டி வெட்டிச் சேர்த்து வைத்தார். ஆகவே இது எதிர்காலத்தைப் பற்றிய கற்பனை என்றாலும், செங்கல் ஒவ்வொன்றும் நிஜச் சூளையிலே சுட்டது.

கதை நடக்கும் இடம் அமெரிக்கா. காற்றும் தண்ணீரும் விஷமாகி, அணுக்கதிர் கலந்து, நோய் பரவி, குழந்தை பிறப்பது அருகிப் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் ராணுவ பலத்தோடு ஆட்சியைப் பிடிக்கிறது. ஜனாதிபதியைச் சுடுகிறார்கள், சட்டசபை அங்கத்தினர்களைச் சுடுகிறார்கள், பழியை முஸ்லிம்கள் தலையிலே போடுகிறார்கள். அரசியல் சட்டம் ‘தற்காலிகமாக’ நிறுத்தி வைக்கப்படுகிறது. புதிய ராஜ்யத்துக்கு பைபிளிலிருந்து ஒரு பெயர் வைக்கிறார்கள்: கீலேயாத்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலே உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்தார்கள். நாலு நாளிலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள்.

பிறகு ஒரு நாள், கதாநாயகி வேலை பார்க்கிற நூலகத்திலே அத்தனை பெண்களையும் ஒரே நேரத்தில் வெளியே போகச் சொல்கிறார்கள். வாசலிலே துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். அதே தினம் நாடு முழுவதும் பெண்களின் பாங்குக் கணக்குகள் முடக்கப்படுகின்றன. பணம் புருஷன் பெயருக்கு, அல்லது நெருங்கிய ஆண் உறவினர் பெயருக்குப் போகும். பெண்ணுக்குச் சொந்தமாகச் சல்லிக்காசு கிடையாது. முதலில் வேலையையும் கூலியையும் பிடுங்கிய பிறகுதான் மற்றவற்றைப் பிடுங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். கையிலே காசில்லாதவள் எங்கே ஓடிவிடப் போகிறாள்?

‘தகுதியற்ற தாய்’

இனிமேல்தான் குழந்தையின் விஷயம் வருகிறது. கதாநாயகியின் கணவன் ஏற்கெனவே கல்யாணமாகி, விவாகரத்துச் செய்துகொண்டு, இவளை மணந்தவன். அவர்களுக்கு ஒரு சின்னப் பெண். புதிய சர்க்கார் சொல்கிறது: இரண்டாம் கல்யாணம் செல்லாது, ஆகவே இவள் ஒழுக்கங்கெட்டவள், ஒழுக்கங்கெட்டவள் தாயாக இருக்கத் தகுதியற்றவள், தகுதியற்றவளின் குழந்தை தகுதியுள்ள குடும்பத்துக்குப் போக வேண்டும்.

பார்த்தீர்களா, தோழர்களே! குழந்தையைத் திருடுகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்கிறார்கள். ‘தகுதி’ என்ற ஒரு வார்த்தை திருட்டைத் தர்மமாக மாற்றிவிடுகிறது.

மூவரும் எல்லை தாண்டிக் கனடாவுக்கு ஓடப் பார்க்கிறார்கள். பிடிபடுகிறார்கள். தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கணவன் என்ன ஆனான் என்று தெரியவில்லை.

பிள்ளை பெறும் சக்தி உள்ளவள் என்பதால் அவளைக் கொல்லவில்லை. ஒரு முகாமிலே அடைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். மாடு ஓட்டுகிற மின்சாரக் கழியைக் கையிலே வைத்துக்கொண்டு காவல் காப்பவர்கள் யார்? பெண்களேதான்! ‘அத்தைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். எஸ்டேட்டிலே கூலிகளை மேய்க்கக் கூலிகளிலிருந்தே கங்காணியைப் பொறுக்கி எடுத்த சூத்திரந்தான் இது.

பயிற்சி முடிந்ததும் அவளைப் பெரிய அதிகாரி ஒருவன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பைபிளிலே ராகேல் என்ற மலடி, தன் சேடி பில்காளைப் புருஷனிடம் அனுப்பிப் பிள்ளை பெற்றுக்கொண்ட வரலாறு உண்டல்லவா? அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். அதிகாரியின் மனைவிக்காக இவள் பிள்ளை பெற்றுத் தர வேண்டும். இவளுடைய சொந்தப் பெயர் போய்விட்டது. அதிகாரியின் பெயர் ஃபிரெட். ஆகவே இவள் ‘ஆஃப்ஃபிரெட்’, அதாவது ஃபிரெட்டினுடையவள். அடுத்த வீட்டுக்கு மாற்றினால் பெயரும் மாறும்.

வேலை நிபந்தனையையும் கேளுங்கள். ஒரு வீட்டிலே இரண்டு வருஷம். மொத்தம் மூன்று வீடு. அதற்குள் பிள்ளை பிறக்காவிட்டால் ‘பெண்ணல்லாதவள்’ என்று முத்திரை குத்தி, விஷக்கழிவு அள்ளுகிற குடியேற்றத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சில வருஷங்களில் உயிர் போய்விடும். பிள்ளை பிறந்தாலோ, சில மாதம் பால் கொடுக்கலாம். பிறகு பிள்ளை எஜமானிக்கு, இவள் அடுத்த வீட்டுக்கு. எஜமானனுக்கே வீரியம் இல்லாமல் இருக்கலாமே என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. சட்டப்படி ஆண் மலடாவதில்லை! இயந்திரம் பழுதானாலும் அபராதம் தொழிலாளிக்கு என்பதை நாம் அறியாதவர்களா?

கோடு போட்ட சட்டை

இந்த ராஜ்யத்திலே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிறம். பெரிய அதிகாரிகளின் மனைவியருக்கு நீலம். சமையலும் வீட்டு வேலையும் செய்பவர்களுக்கு மங்கிய பச்சை. அத்தைகளுக்குப் பழுப்பு. பிள்ளை பெறும் சேடிகளுக்குச் சிவப்பு அங்கி, முகத்தின் இரு பக்கமும் மறைக்கிற வெள்ளைத் தொப்பி. பக்கத்திலே நடப்பவள் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க முடியாது.

ஏழைகளின் மனைவியர் என்ன உடுத்தினார்கள்? அவர்களுக்கு மட்டும் சிவப்பும் நீலமும் பச்சையும் கலந்த கோடு போட்ட சட்டை, அதுவும் மலிவுத் துணியில். அது ஏன் தெரியுமா? பெரிய வீட்டிலே மூன்று பெண்கள் பிரித்துச் செய்கிற வேலை அத்தனையும் ஏழை வீட்டிலே ஒருத்தியே செய்ய வேண்டும். பிள்ளையும் பெற வேண்டும், சமைக்கவும் வேண்டும், மனைவியாகவும் இருக்க வேண்டும். மில்லிலே ஷிப்டு முடித்து, ரேஷன் கடையிலே நின்று, அடுப்பு மூட்டுகிற தாய்மார்களுக்கு இந்தக் கோடு போட்ட சட்டையை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாவலிலே என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கந்தான் வரும். கோடு போட்ட சட்டைக்காரிகள் மூன்று பேர் தெருவிலே சாவு ஊர்வலம் போகிறார்கள். முன்னால் போகிறவள் கையிலே ஒரு சின்னக் கறுப்பு ஜாடி. வயிற்றிலேயே கலைந்துபோன சிசு அதற்குள் இருக்கிறது. எதிரே சிவப்பு அங்கிக்காரிகள் இரண்டு பேர் வருகிறார்கள். மரியாதையாக நின்று, நெஞ்சிலே கை வைத்து அனுதாபம் காட்டுகிறார்கள். அந்த ஏழைத் தாய் இவர்களை முறைக்கிறாள். கூட வந்தவள் ஒருத்தி தரையிலே துப்புகிறாள்.

குழந்தையை இழந்த தாய் எதிரே வருகிறாள். குழந்தையைப் பறிகொடுத்த தாய் இந்தப் பக்கம் நிற்கிறாள். இருவர் துயரமும் ஒன்று. துயரத்துக்குக் காரணமான எதிரியும் ஒன்று. ஆனால் நடுவிலே சட்டையின் நிறம் நிற்கிறது. எஜமானன் தெருவிலேயே இல்லை. அவன் இல்லாமலே அவன் வேலை நடக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் நடுவிலே, ஊர்க்காரனுக்கும் சேரிக்காரனுக்கும் நடுவிலே, உள்ளூர்க் கூலிக்கும் வெளியூர்க் கூலிக்கும் நடுவிலே இந்த எச்சில் விழுந்துகொண்டுதானே இருக்கிறது?

ஒரே ஒரு போட்டோ

எஜமானி ஒரு காரியத்துக்கு இவளைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறது. கூலியாக என்ன தருகிறாள்? ஒரு போட்டோ. அதிலே வெள்ளைக் கவுன் போட்டு வளர்ந்து நிற்கிறாள், பறிபோன மகள். ஐந்து வயதிலே பிரித்த பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. தாய் பார்க்கிறாள், தான் அந்தக் கண்களிலிருந்து அழிந்துபோய்விட்டதை உணர்கிறாள். போட்டோவையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளை இருக்கும் இடம் எஜமானிக்கு இவ்வளவு காலமும் தெரியும்! தெரிந்தும் சொல்லவில்லை. அவளும் பெண்தான், குழந்தைக்கு ஏங்கியவள்தான். ஆனால் ஏக்கம் ஒன்றாக இருந்தாலும் இருவரும் நின்ற இடம் வேறு. எஜமானியின் ஏக்கத்துக்குச் சட்டம் துணை நின்றது; சேடியின் ஏக்கத்துக்கு ஒரு போட்டோவைக் கையிலே வைத்துக்கொள்ளக்கூட உரிமையில்லை.

கதையின் முடிவிலே ஒரு பின்னுரை வருகிறது. 2195ஆம் வருஷம். கீலேயாத் ராஜ்யம் மண்ணோடு மண்ணாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பண்டிதர்கள் மகாநாடு கூடுகிறார்கள். சேடி தன் குரலிலே பேசிப் பதிந்து வைத்த ஒலிநாடாக்கள் அகப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றிப் பேசுகிறார். நடுவிலே சிலேடை பேசிச் சிரிக்க வைக்கிறார். இந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதிலேதான் அவருக்கு அக்கறை. அந்த அதிகாரியின் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அச்சிட்ட சில பக்கங்கள் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று வருத்தப்படுகிறார். அந்தத் தாய் என்ன ஆனாள், பிள்ளையைக் கண்டாளா என்பது அவரைத் தூங்கவிடாத கேள்வி அல்ல. எஜமானனுடைய ரிக்கார்டுக்கு இருக்கிற மதிப்பு தாயின் வாய்மொழிக்கு இல்லை. சரித்திரத்தை யார் எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

மதில்கள் எழும்பிய ஊர்

தூர தேசத்துக் கதைதானே என்று சொல்லாதீர்கள். 2017ஆம் ஆண்டு பிரயாக் அக்பர் என்ற இந்தியப் பத்திரிகையாளர் ‘லைலா’ என்று ஒரு நாவல் வெளியிட்டார். இந்திய நகரம் ஒன்று, வருங்காலம். ஒவ்வொரு சமூகமும் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்கிறது. ‘தூய்மை’ என்பதே மந்திரம். ஷாலினி என்ற இந்துப் பெண் முஸ்லிம் ஒருவனை மணந்தவள். மகள் லைலாவின் மூன்றாவது பிறந்தநாள் விருந்தன்று மதில்களின் காவல்படை உள்ளே நுழைகிறது. கணவன் போகிறான், மகள் போகிறாள், தாய் ‘தூய்மை முகாமுக்கு’ அனுப்பப்படுகிறாள். பதினாறு வருஷம் மகளைத் தேடுகிறாள்.

ஷாலினி வசதியான குடும்பத்துப் பெண். ஊரிலே மதில் எழும்பியபோது அவளும் அவளைப் போன்றவர்களும் இருந்த இடத்திலே மதில் இல்லை. ஆகவே வாழ்க்கை விருந்தும் கேளிக்கையுமாக நடந்தது. வீட்டிலே லைலாவை வளர்த்தவள் சப்னா என்ற ஆயா. எஜமானிக்கும் ஆயாவுக்கும் நடுவிலே ஒரு மதில் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த மதில் ஷாலினியின் கண்ணிலே படவில்லை. அந்த ஆயாவை மனுஷியாக நினைத்துப் பார்க்க அவளுக்குக் காலம் பிடிக்கிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகுதான் மதிலின் உயரம் தெரிகிறது.

நடந்த சரித்திரம்

நிஜச் சூளையிலே சுட்ட செங்கல் என்றேனே, அந்தச் சூளைகளை இப்போது காட்டுகிறேன்.

முதலாவது, அமெரிக்க அடிமை முறை. 1662ஆம் ஆண்டு வர்ஜீனியாவிலே ஒரு சட்டம் செய்தார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். தகப்பன் எஜமானனாகவே இருந்தாலும் பிள்ளை எஜமானனுடைய சொத்து. 1808இல் வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடுக்கப்பட்ட பிறகு, கறுப்புத் தாயின் வயிறே பண்ணை முதலாளிக்கு விளைநிலம் ஆயிற்று. பிள்ளையை ஏலத்திலே விற்றார்கள். தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே நாவலின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்புத் தாய்மார் நிஜத்தில் பட்ட பாட்டை ஒரு வெள்ளைப் பெண்ணின் கதையாக்கிவிட்டு, கறுப்பு ஜனங்களை நாடு கடத்திய செய்தியை நாலு வரியிலே முடித்துவிட்டார் ஆசிரியை. விமர்சகர்கள் பலர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அது சரியான கண்டனமே.

இரண்டாவது, ஹிட்லரின் ஜெர்மனி. 1935இல் ஹிம்லர் ‘லேபன்ஸ்பார்ன்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினான். ‘உயர்ந்த ரத்தம்’ உள்ள பிள்ளைகளைப் பெருக்குவது நோக்கம். யுத்த காலத்தில் போலந்திலே வெளுத்த தலைமயிரும் நீலக் கண்ணும் உள்ள பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, பெயரை மாற்றி, ஜெர்மன் குடும்பங்களிலே வளர்க்கக் கொடுத்தார்கள். அதே காலத்தில் யூதக் குழந்தைகள் தாயோடு சேர்த்து விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். தரம் பிரித்தல் முற்றினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவது, ருமேனியா. தோழர்களே, இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எளிது. தாண்டக் கூடாது. சோஷலிசத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆண்ட சௌசெஸ்குவின் சர்க்கார், 1966 அக்டோபரிலே 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. கருக்கலைப்பு அநேகமாக அடியோடு தடை. கருத்தடைச் சாதனம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பிள்ளையில்லாதவர்களுக்கு வரி. பிற்காலத்தில் தொழிற்சாலைக்கே வந்து பெண் தொழிலாளர்களின் வயிற்றைச் சோதித்தார்கள். மறைவிலே கருக்கலைத்துக்கொண்டு உயிரிழந்த பெண்கள் சுமார் 10,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. வளர்க்க வழியில்லாமல் கைவிடப்பட்ட பிள்ளைகள் அனாதை விடுதிகளிலே நிரம்பி வழிந்தார்கள். 1989 டிசம்பரிலே அந்த ஆட்சி விழுந்ததும், முதல் வேலையாக ரத்துச் செய்யப்பட்ட சட்டங்களிலே இதுவும் ஒன்று. தொழிலாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு தொழிலாளிப் பெண்ணின் வயிற்றை உற்பத்திக் கணக்கிலே சேர்த்தவர்களை நாம் நியாயப்படுத்த முடியாது. கொடியின் நிறத்தைப் பார்த்துக் கொடுமையை அளக்கிறவன் கோடு போட்ட சட்டையைப் பார்த்துத் துப்புகிறவளுக்கு அண்ணன்தான்.

இவை பழங்கதை அல்ல. 2018இல் அமெரிக்காவின் தெற்கு எல்லையிலே, பிழைப்பும் அடைக்கலமும் தேடி வந்த ஏழைகளிடமிருந்து அவர்கள் பிள்ளைகளைப் பிரித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் இப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் 5,000 பேருக்கு மேல். எந்தப் பிள்ளை யாருடையது என்ற பதிவைக்கூடச் சரியாக வைக்கவில்லை. கண்டனம் எழுந்து அந்த ஆண்டு ஜூனிலே உத்தரவை மாற்றிக்கொண்ட பிறகும், பெற்றோரைக் கண்டுபிடிப்பது வருஷக்கணக்கில் இழுத்தது.

வெள்ளை முக்காடு

நான்காவது, அர்ஜென்டினா. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதையும் அந்த நாடு காட்டியது. ஆகவே அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

1976 மார்ச் 24ஆம் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிற்சங்க ஊழியர்கள், மாணவர்கள், இடதுசாரிகள் ஆயிரக்கணக்கில் கடத்தப்பட்டார்கள். கர்ப்பிணிகளும் அதிலே இருந்தார்கள். பிரசவம் வரை அவர்களை உயிரோடு வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் தாயைக் கொன்றார்கள். பிள்ளையை ராணுவக் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். இப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 500 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ‘தகுதியற்ற’ தாய், ‘தகுதியுள்ள’ குடும்பம் – அதே வார்த்தைதான்! அட்வுட் தம் நாவலுக்கு ஆதாரம் என்று சொன்னவற்றிலே இதுவும் ஒன்று.

1977 ஏப்ரல் 30ஆம் தேதி, காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் 14 பேர் தலைநகரிலே ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள மைதானத்திலே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். சரி, நடக்கிறோம் என்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளப் பிள்ளைக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைத் தலையிலே முக்காடாகக் கட்டிக்கொண்டார்கள். கீலேயாத்தின் வெள்ளைத் தொப்பி பக்கத்திலே வருபவள் முகத்தை மறைத்தது. இந்த வெள்ளை முக்காடு தோழியின் முகத்தைக் காட்டிக் கொடுத்தது.

அவர்களிலே பணக்காரி இருந்தாள், குடிசைக்காரி இருந்தாள். உத்தியோகஸ்தர் மனைவி இருந்தாள். கூலிக்காரர் மனைவி இருந்தாள். அத்தனை பேரையும் ஒரு முக்காடு ஒன்றாக்கியது. முதல் நாள் அவர்களை அழைத்து வந்தவர் அசுசெனா வில்லாபுளோர் என்ற தாய். அந்த வருஷம் டிசம்பரிலேயே அவரையும் கடத்திக் கொன்றார்கள். அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005ஆம் ஆண்டிலேதான். தலைவியைக் கொன்றதும் கூட்டம் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கலையவில்லை, அடுத்த வியாழக்கிழமைகளிலும் நடந்தார்கள்.

1977 அக்டோபரிலே பாட்டிமார் 12 பேர் தனியாக ஒரு சங்கம் கண்டார்கள். மகளும் போனாள், மருமகனும் போனான். ஆனால் பேரப்பிள்ளை எங்கேயோ வேறு பெயரிலே உயிரோடு வளர்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே நோக்கம். சிற்றுண்டிச் சாலையிலே பிறந்தநாள் விருந்து என்று பாவனை செய்துகொண்டு துப்புகளைப் பரிமாறினார்கள். மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் விசாரித்தார்கள்.

இன்ன பிள்ளை இன்னாருடையது என்று நிரூபிப்பது எப்படி? பெற்றோர் உயிரோடு இல்லையே! பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள்: எங்கள் ரத்தத்தை வைத்துப் பேரனைக் கண்டுபிடிக்க முடியுமா? மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி உள்ளிட்டவர்கள் அதற்கு வழி கண்டார்கள். 1987இல் அந்த நாட்டு சர்க்காரே குடும்பங்களின் மரபணு விவரங்களைக் காக்க ஒரு தேசிய நிலையம் அமைத்தது. கிழவிகளின் கேள்வி விஞ்ஞானத்தையே ஒரு படி முன்னேற்றியது!

1983இல் சர்வாதிகாரம் ஒழிந்தது. 2012இல் சர்வாதிகாரி விடேலாவுக்குப் பிள்ளைகளைத் திட்டமிட்டுத் திருடிய குற்றத்துக்காக 50 வருஷத் தண்டனை கிடைத்தது. சங்கத் தலைவி எஸ்டேலா டி கார்லோட்டோ அம்மையார் மற்றவர்களுடைய பேரப்பிள்ளைகளை நூற்றுக்கு மேல் கண்டுபிடித்த பிறகு, 2014 ஆகஸ்டிலேதான் தம் சொந்தப் பேரனைக் கண்டார். அவர் 114ஆவது பேரன். 36 வருஷக் காத்திருப்பு! 2025 ஜூலையிலே 140ஆவது பேரப்பிள்ளையை அறிவித்தார்கள்.

கணக்குப் போடுங்கள்

தோழர்களே! இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்திலே வையுங்கள். நாவலிலே வருகிற தாய் அன்பிலே குறைந்தவளா? இல்லை. புத்தியிலே குறைந்தவளா? இல்லை. ஆனால் அவள் தனியாக இருந்தாள். தனியாக இருந்த தாய்க்குக் கிடைத்தது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய ஒரு போட்டோ. அர்ஜென்டினாப் பாட்டிமாரும் அதே அன்பும் அதே கண்ணீரும் உள்ளவர்கள்தான். ஒன்று சேர்ந்தார்கள். 140 பேர் தங்கள் சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள்.

நாவலிலேகூட ஒரு ரகசிய எதிர்ப்பு இயக்கம் வருகிறது. அதன் அடையாளச் சொல் ‘மே டே’. நம் மே தினமோ என்று ஆவலாகப் படித்தேன், இல்லை. கப்பல் மூழ்கும்போது உதவி கேட்டு அனுப்புகிற அபயக் குரலாம் அது. யாராவது வந்து காப்பாற்றுவார்களா என்று கேட்கிற சொல். நம்முடைய மே தினம் நாமே கூடி எட்டு மணி நேர வேலையைக் கேட்ட நாள். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, பொருள் வேறு. அந்த நாவலின் இருட்டுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த ராஜ்யத்திலே சிவப்பு அங்கிக்காரியும் கோடு போட்ட சட்டைக்காரியும் பச்சைச் சட்டைச் சமையற்காரியும் ஒரு நாள்கூடச் சேர்ந்து உட்காரவில்லை.

ஆனால் நூலுக்கு வெளியே வாசகர்கள் அதைச் செய்துவிட்டார்கள். 2017இல் டெக்ஸாஸ் மாகாண சட்டசபையிலே கருக்கலைப்புத் தடைக்கு எதிராகப் பெண்கள் அதே சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் அர்ஜென்டினாவிலும் அதே உடையிலே ஊர்வலம் வந்தார்கள். 2020 டிசம்பரிலே அங்கே சட்டம் பெண்களுக்குச் சாதகமாக நிறைவேறியது. அமெரிக்காவிலோ 2022 ஜூன் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐம்பது வருஷ உரிமையைத் திரும்பப் பிடுங்கியது. ஓரிடத்தில் வெற்றி, ஓரிடத்தில் தோல்வி. பெற்ற உரிமை இரும்புப் பெட்டியிலே பூட்டி வைத்த நகை அல்ல; காவல் நின்றால்தான் நிலைக்கும்.

ஆகவே, இந்தக் கதையிலிருந்து மூன்று கேள்விகளை நாம் கையோடு எடுத்துப் போவோம். நாளைக்கு யாராவது வந்து, இவர்கள் தகுதியுள்ளவர்கள், அவர்கள் தகுதியற்றவர்கள் என்று பேச ஆரம்பித்தால், உடனே கேளுங்கள்: தரம் பிரிப்பவன் யார்? பிரித்தால் லாபம் யாருக்கு? எந்தச் சட்டைக்காரியைப் பார்த்து என்னைத் துப்பச் சொல்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். முதல் இரண்டும் அவர்களைப் பற்றியவை. மூன்றாவது நம்மைப் பற்றியது. நம் லயனிலே, நம் தெருவிலே, நடவு வரப்பிலே இன்றைக்கு யாரோடு பேசாமல் இருக்கிறோம்? யாருடைய பிள்ளையை நம் பிள்ளையோடு விளையாட விடாமல் இருக்கிறோம்? அந்தப் பிள்ளையின் தாய் வீட்டுக்கு முதலில் போங்கள், தாய்மார்களே! ஆண் தோழர்களும் கூடவே போங்கள். அர்ஜென்டினாவிலே 14 பேர்தான் முதலில் நடந்தார்கள். இந்தக் கூட்டத்திலே அதைப்போலப் பல மடங்கு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.